கேசிங் எத்தனை அடி?

சென்னையிலிருந்து சார்மினார் எக்ஸ்பிரஸில் ஹைதராபாத் போகிறவர்கள் காஜிப்பேட்டையில் ஒருமுறை கண் விழித்து, இன்னும் நேரமிருக்கிறது என்று போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு மறுபடி படுத்துவிடுவார்கள். படுக்காமல் இருப்பது நல்லது. ஆலேர் தாண்டி, ராயகிரி தாண்டி, வண்டி போங்கிரை நெருங்கும்போது ஊருக்கு மேலே ஒரு மொட்டைப் பாறை எழுந்து நிற்கும். மலை என்றால் அதில் மண்ணும் மரமும் மடிப்பும் இருக்க வேண்டும். இது ஒரே கல். சாளுக்கிய அரசன் ஆறாம் விக்கிரமாதித்தன் கட்டிய கோட்டை அதன் உச்சியில் இருக்கிறது. ஏற விரும்பாத எதிரிக்கு அந்தக் கல்லே போதும், கோட்டை கூடுதல்தான்.

போங்கிருக்குப் பிறகு வயல்களின் நடுவில் குண்டுக்கற்கள் தலைகாட்டத் தொடங்குகின்றன. முதலில் தனித்தனியாக, பிறகு கும்பலாக, பிறகு ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று நான்கு. எதிர் இருக்கைச் சிறுமி ஜன்னல் கம்பியில் மூக்கை அழுத்திக்கொண்டு, “யாரும்மா இப்படி அடுக்கி வெச்சது?” என்றாள். “பீமன்” என்றார் அம்மா, பையில் பற்பசையைத் தேடிக்கொண்டே.

நம் நாட்டில் காரணம் விளங்காத பாறைக்கெல்லாம் பீமன்தான் பொறுப்பு. மாமல்லபுரத்தில் மட்டும் அவனிடமிருந்து பறித்துக் கிருஷ்ணன் கையில் வெண்ணெய் உருண்டையாகக் கொடுத்துவிட்டோம். செஞ்சிக் கோட்டையைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானதுதான். அங்கே சில மலைகளோடு முடிந்துவிடுவது இங்கே ஒரு மாநகரம் முழுக்கப் பரவிக் கிடக்கிறது. அந்த நகரம் இதன் மேல் ஏறி உட்கார்ந்து, இப்போது இதையே தின்றுகொண்டிருக்கிறது.

யாரும் அடுக்கவில்லை. எங்கிருந்தும் உருண்டு வரவும் இல்லை. அந்தக் கல் ஒவ்வொன்றும் தான் பிறந்த இடத்திலேயேதான் இருக்கிறது. அதைச் சுற்றி இருந்தவைதான் போய்விட்டன.

ஹைதராபாதின் அடியில் இருப்பது கருங்கல், கடைக்காரர் சொல்லும் பெயரில் கிரானைட். வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள். தென்னிந்தியாவின் மிகப் பழைய நிலப்பகுதிகளில் ஒன்றான தார்வார் பாறைத்தளத்தின் கிழக்குப் பாதி இது. அன்றைக்குப் பூமியின் மேலோட்டுக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில் பாறை உருகிக் குழம்பாகி, மேலே வர முட்டி மோதி, வழியில்லாமல் அங்கேயே ஆறிப்போனது. வெளியே வந்து கொட்டியிருந்தால் சட்டென்று குளிர்ந்து பொடிக்கல்லாக இறுகியிருக்கும். உள்ளேயே தங்கி மிக மெல்ல ஆறியதால் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் படிகங்கள் வளர நேரம் கிடைத்தது. ஒரு சில்லை எடுத்து வெயிலில் திருப்பினால் மூன்று சரக்கு தெரியும்: உடைந்த கண்ணாடி போல குவார்ட்ஸ், வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ ஃபெல்ட்ஸ்பார், கறுப்பாக மினுக்கும் காக்காப்பொன். ஜூபிலி ஹில்ஸ் பக்கம் சில பாறைகள் ரோஜா நிறத்தில் இருப்பதற்குப் பொட்டாசியம் நிறைந்த ஃபெல்ட்ஸ்பார்தான் காரணம்.

இந்தக் கல் இறுகிய காலத்தில் காற்றில் ஆக்சிஜன் அனேகமாக இல்லை. புல் இல்லை, பூச்சி இல்லை, நிலத்தில் உயிர் என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. இதையெல்லாம் யார் போய்ப் பார்த்தார்கள் என்று கேட்கலாம். கிரானைட்டுக்குள் சிர்கான் என்ற நுண்படிகம் ஒளிந்திருக்கும். அது உருவாகும்போது யுரேனியத்தை உள்ளே சேர்க்கும், ஈயத்தை அண்டவிடாது. உள்ளே போன யுரேனியம் சிதைந்து சிதைந்து ஈயமாகிறது. யுரேனியம் 238-இல் பாதி இப்படிக் கழிய 447 கோடி ஆண்டுகள் ஆகும். எவ்வளவு ஈயம் சேர்ந்திருக்கிறது என்று அளந்தால் வயது கிடைத்துவிடும்.

பிறகுதான் தேய்மானத்தின் கதை. மேலே கவிந்திருந்த கிலோமீட்டர் கணக்கான பாறை கோடிக்கணக்கான ஆண்டுகளில் கரைந்து ஆறுகளில் போயிற்று. முதுகுப் பாரம் இறங்கிய கருங்கல் விரிந்தது. விரிந்தபோது தரைக்கு இணையாகத் தட்டுத் தட்டாகப் பிளந்தது. செங்குத்தான பிளவுகளும் சேர்ந்துகொள்ள, பாறை முழுவதும் பெரிய பெரிய கட்டிகளாகப் பிரிந்தது. பிளவுகளில் மழைநீர் இறங்கியது. காற்றிலும் மண்ணிலும் கரியமில வாயுவை வாங்கிக்கொண்ட நீர் லேசான அமிலம். அது பட்டால் ஃபெல்ட்ஸ்பார் களிமண்ணாகும். காக்காப்பொன் உப்பிப் பக்கத்தில் இருப்பவற்றை நெட்டித் தள்ளும். குவார்ட்ஸை மட்டும் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் தன்னைப் பிடித்திருந்தவை போனபின் அதுவும் மணலாக உதிர்ந்துவிடும்.

கட்டியின் முகத்தை நீர் ஒரு பக்கத்திலிருந்து தாக்குகிறது, விளிம்பை இரண்டு பக்கத்திலிருந்து, மூலையை மூன்று பக்கத்திலிருந்து. எனவே மூலைதான் முதலில் மழுங்கும். வாயில் போட்ட கற்கண்டு உருண்டையாவது இப்படித்தான். இத்தனையும் நடப்பது வெயில் படாத மண்ணுக்கு அடியில். பிறகு ஏதோ ஒரு யுகத்தில் மழையும் ஓடைகளும் சுற்றியிருந்த மக்கல் மண்ணை அரித்துக்கொண்டு போக, மக்காத உருண்டைகள் ஒன்றின் மேல் ஒன்றாக அப்படியே இறங்கி உட்கார்ந்தன. இங்கிலாந்தின் டார்ட்மூர் மேட்டுப் பாறைகளுக்கு இப்படி இரண்டு கட்ட விளக்கத்தை 1955-இல் எழுதியவர் டேவிட் லிண்டன். அந்த விளக்கம் அப்படியே பொருந்தும் ஊர்களில் ஹைதராபாதும் ஒன்று.

ரயிலிலிருந்து கடைசியாகத் தெரியும் பாறை மௌலா அலி. சிகந்தராபாத்தில் இறங்கியதும் சித்தப்பா அங்கேதான் முதலில் கூட்டிப்போனார். லாலாகுடா ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பத்மாராவ் நகரில் வீடு. கன்டோன்மென்ட் காலத்திலிருந்து தமிழர்கள் குடியிருக்கும் பகுதி அது. அவர் தமிழ் பாதித் தெலுங்காகிவிட்டது. “ஏம்ப்பா, ஊரெல்லாம் சார்மினார் பாக்கத்தான் வருவாங்க. நீ குண்டு பாக்க வந்திருக்கே” என்று சிரித்தார். தெலுங்கில் குண்டு என்றால் பாறை உருண்டை.

மௌலா அலி குன்றின் உச்சியில் தர்கா. இப்ராஹிம் குதுப் ஷா காலத்தில் யாகூத் என்ற அரண்மனைப் பணியாளர் கனவில் ஹஜ்ரத் அலியைக் கண்டார். விழித்து வந்து பார்த்தபோது பாறையில் அலியின் கைத்தடம் இருந்தது என்பது நம்பிக்கை. அடிவாரத்தில் கவிஞர் மஹ் லகா பாயின் கல்லறை. படிகளை விட்டு ஓரமாகப் போய்ப் பார்த்தால் பாறையின் தோல் தெரிகிறது. ஓர் அடி, இரண்டடி கனத்தில் வளைந்த தகடுகள் குன்றின் வளைவை ஒட்டியே உரிந்து நிற்கின்றன. ஒரு தகட்டைக் கல்லால் தட்டினேன், அடியில் வெற்றிடம் இருப்பதைச் சொல்லும் ஓசை வந்தது. சித்தப்பா பதறி, “தர்கா கல்லைத் தட்டாதப்பா” என்றார். அதோடு அன்றைய ஆராய்ச்சி முடிந்தது.

கோல்கொண்டாவுக்குத் தனியாகப் போனேன். வழிகாட்டிகள் எல்லோரையும் ஃபதே தர்வாசா அடியில் நிறுத்திக் கை தட்டச் சொல்கிறார்கள், ஓசை உச்சியில் கேட்கிறதாம். கேட்கிறதுதான். எனக்கு அதைவிடக் கோட்டைச் சுவரைப் பார்ப்பதில் ஆசை. மதில் ஓடி வந்து ஓர் உருண்டைப் பாறையில் முட்டி நிற்கிறது. பாறைக்கு அந்தப் பக்கம் மறுபடி தொடங்குகிறது. நடுவில் பாறையே சுவர். கொத்தனார் கல்லை எண்ணிச் செலவழித்திருக்கிறார். செஞ்சியிலும் இதே சிக்கனம் உண்டு. வெட்டிய கல்லை உற்றுப் பார்த்தால் வரிசையாகச் சிறு குழிகள். குழிகளில் ஆப்பு அடித்துக் கல்லைப் பிளந்த அடையாளம். கல்லுக்கு எந்தத் திசையில் உடைய விருப்பம் என்று கல்தச்சனுக்குத் தெரியும். அது ஓரளவு, 250 கோடி வருடத்துக்கு முன் படிகங்கள் எந்தப் பக்கம் சாய்ந்து படுத்தன என்பதைப் பொறுத்தது.

ஔரங்கசீப் எட்டு மாதம் முற்றுகையிட்டும் இந்தக் கல்லை உடைக்கவில்லை. 1687-இல் ஒரு கதவு உள்ளிருந்து திறந்துவிடப்பட்டது, அவ்வளவுதான். கோல்கொண்டா வைரம் என்கிறார்களே, அதற்கும் இந்தப் பாறைக்கும் தொடர்பில்லை. வைரம் கிடைத்தது கிருஷ்ணா ஆற்றோரக் கொல்லூர் போன்ற இடங்களின் ஆற்றுச் சரளையில். கோல்கொண்டா அதை விற்ற சந்தை.

இந்தக் கல்லை மனிதன் பெயர்த்த கதைகளில் இரண்டைச் சொல்லாமல் விட முடியாது. மெக்கா மசூதியின் தொழுகை மாடத்துக்கான ஒற்றைக் கல்லை வெட்டி எடுக்க ஐந்து ஆண்டுகளாயின, ஐந்நூறு அறுநூறு பேர் வேலை செய்தார்கள், இழுத்துவர 1,400 மாடுகள் என்று பிரெஞ்சு வைர வியாபாரி தவேர்னியே எழுதிவைத்தார். அவர் சொன்னதில் எண்கள் கொஞ்சம் ஏறியிருக்கலாம், வியாபாரி அல்லவா. இன்னொன்று நம் காலத்தில் நடந்தது. ராயகிரிப் பாறையில் எஸ். எம். கணபதி ஸ்தபதி தலைமையில் செதுக்கிய ஏறத்தாழ 18 மீட்டர் உயரப் புத்தர் 1990 மார்ச்சில் ஹுசேன் சாகர் ஏரிக்குள் படகிலிருந்து சரிந்தார். உயிர்கள் போயின. கல் இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் தண்ணீருக்கு அடியில் கிடந்து, 1992 டிசம்பரில் எழுந்து நின்றது. சிலைக்குச் சேதமில்லை. மண்ணுக்கு அடியில் அமில நீரோடு யுகக்கணக்கில் இருந்த கல்லுக்கு ஏரித் தண்ணீர் ஒரு பொருட்டா?

நகரத்தின் மேற்குதான் உண்மையான பாறை நாடு. பஞ்சாரா ஹில்ஸ், ஜூபிலி ஹில்ஸ், மாதாப்பூர், கச்சிபௌலி, காஜாகுடா. இந்த நூற்றாண்டு தொடங்கும்வரை நகரத்துக்கு வெளியே கிடந்த இடங்கள் பலவும் இப்போது கண்ணாடிக் கட்டிடங்களாகிவிட்டன. துர்கம் செருவு ஏரியைச் சுற்றிப் பாறை மேடுகள். கோல்கொண்டாவுக்குக் குடிநீர் கொடுத்த ஏரி அது. 2020-இல் திறந்த கம்பிவடப் பாலத்தில் நின்று ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஊரே செல்ஃபி எடுக்கிறது. பின்னணியில் பாறை வரும்படி எடுப்பவர்கள் குறைவு.

இங்கே பாறைக்காக ஒரு சங்கம் இருக்கிறது. 1996-இல் தொடங்கிய ‘பாறைகளைக் காக்கும் சங்கம்’. ஜெர்மனியில் பிறந்து ஹைதராபாத்துக்கு மருமகளாக வந்த ஃப்ராவ்கே காதர், ஐ.ஏ.எஸ். அதிகாரியும் நகர வரலாற்றாசிரியருமான நரேந்திர லூதர் ஆகியோர் அதன் முகங்கள். லூதர் பஞ்சாரா ஹில்ஸில் வீடு கட்டியபோது மனையிலிருந்த பாறையை வெடிவைக்காமல் வரவேற்பறைக்குள்ளேயே விட்டுக் கட்டினார். அவர் 2021-இல் மறைந்தார். சங்கம் போராடிப் போராடி ஒன்பது பாறை அமைப்புகளை நகர வளர்ச்சி ஆணையத்தின் மரபுப் பட்டியலில் சேர்த்தது. கரடி மூக்கு, நாய்க்குடை, காவற்பாறை, அரக்கன் பாறை, ஹைதராபாத் பல்கலைக்கழகத்தின் காளான் பாறை என்று பெயர்கள். கட்டிடங்களுக்கான பட்டியலில் கற்களுக்கும் இடம் வாங்கியது பெரிய காரியம். ஆனால் கரடி மூக்குக்கு நேர்ந்ததைப் பார்த்தால் கொஞ்சம் யோசனை வருகிறது. அது இப்போது சில்பாராமம் கைவினைக் கிராமத்துக்குள் இருக்கிறது. எதையோ போலத் தோன்றுவதற்காக ஒரு கல் பிழைத்தது. எதையும் போலத் தோன்றாத கற்களுக்கு யார் பேசுவார்?

காளான் பாறையைப் பார்க்கப் பல்கலைக்கழக வளாகத்துக்குள் ஓர் ஆய்வு மாணவர் அழைத்துப்போனார். புதரும் முள்ளும் விலக்கிக்கொண்டு நடக்க வேண்டும். மயில்கள் அலறின. மேலே பெருத்த தலை, கீழே ஒடுங்கிய தண்டு. காற்று அரித்ததா என்று கேட்டேன். மாணவர் காலடி மண்ணைக் காட்டினார். “மண்ணு ஒரு காலத்துல இந்தத் தண்டு உயரத்துக்கு இருந்திருக்கும் சார். மண்ணுக்குள்ள ஈரம் நிக்கும். வெளிய இருக்கற தலை மழை விட்டதும் காஞ்சிரும். ஈரம் நின்ன இடந்தான் மக்கியிருக்கு.” ஆக, தண்டு பழைய தரைமட்டத்தின் சாட்சி. அந்த மண்ணை அகற்றி, சுற்றிப் புல்வெளி வைத்து, கம்பி வேலி போட்டால் பாறை இருக்கும், அது எப்படி வந்தது என்று சொல்ல எதுவும் இருக்காது. 2025 மார்ச் கடைசியில் இந்த வளாகத்தை ஒட்டிய கஞ்சா கச்சிபௌலி நிலத்தில் நானூறு ஏக்கரைச் சமன்படுத்த மண்வெட்டி இயந்திரங்கள் இறங்கின. மாணவர்கள் எதிர்த்தார்கள். ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் வேலையை நிறுத்தச் சொன்னது. வாதம் பெரும்பாலும் மரங்களைப் பற்றியும் மான்களைப் பற்றியும் நடந்தது. நியாயந்தான். மக்கல் மண்ணுக்கு வக்காலத்து வாங்க ஆள் கிடைப்பது கடினம்.

அந்த மண்ணை இந்த ஊரில் மொரம் என்கிறார்கள். அதன் அருமையை எனக்குக் காட்டியவர்கள் திருச்செங்கோட்டுக்காரர்கள்.

மணிகொண்டாவில் ஒரு சந்துக்குள் திரும்பியபோது வெள்ளைப் பொடி பனிமூட்டம் போல நின்றது. நடுவில் இரண்டு லாரிகள், பதிவு எண் தமிழ்நாடு 34. இந்தியாவில் எங்கே ஆழ்துளை போட்டாலும் வண்டி திருச்செங்கோட்டிலிருந்து வந்திருக்கும் என்பது ஓரளவு உண்மை. வண்டியைக் கவனித்துக்கொண்டிருந்தவர் தமிழ் கேட்டதும் காதிலிருந்த பஞ்சை எடுத்துவிட்டு வந்தார். ராடு மாட்டுகிற பையன்கள் எல்லோரும் வடக்கிலிருந்து வந்தவர்கள். காற்றழுத்தத்தில் சுத்தியல் உள்ளே இறங்க, உடைந்த கல் பொடியாக மேலே பீய்ச்சியது.

“கேசிங் எத்தனை அடி?” என்று கேட்டேன். அந்த ஒரு கேள்வியால் என்னைத் தொழில் தெரிந்தவனாக எடுத்துக்கொண்டார்.

“அறுபது அடிங்ண்ணா. அது வரைக்கும் மேல லூஸு. மொதல்ல செவப்பு வந்துச்சு, அப்பறம் மஞ்சளா மொரம். அதுக்குக் கீழ ஒரே கல்லு, பொடி வெள்ளையா வருது பாருங்க. நடுவுல கேப் விழுந்தாத் தண்ணி. விழுகலீன்னா பொடிதான்.”

புவியியல் புத்தகம் ஒரு அத்தியாயத்தில் சொல்வது இவ்வளவுதான். கேசிங் குழாய் இறங்கும் ஆழம்தான் பாறை மக்கிய ஆழம். அதற்குக் கீழே கல் உதிராது, குழாய் தேவையில்லை. உப்பலில் 1961 முதல் இயங்கும் தேசிய புவி இயற்பியல் ஆய்வு நிறுவனத்தில் நிலத்தடி நீருக்காக 1999-இல் ஓர் இந்திய-பிரெஞ்சு மையம் தொடங்கினார்கள். நகரத்துக்குத் தெற்கே மகேஸ்வரத்தில் 53 சதுர கிலோமீட்டர் நீர்ப்பிடிப்புப் பகுதியை ஆண்டுக்கணக்கில் குடைந்து அளந்து அவர்கள் கண்டதும் இதுதான். மேலே 10 முதல் 20 மீட்டர் வரை மக்கிய பாறை, அது மழைநீரைச் சேர்த்துவைக்கிறது. அதன் கீழே ஏறக்குறைய அதே கனத்துக்கு விரிசல் விட்ட பாறை, அது நீரைக் கிணற்றுக்குக் கொண்டு சேர்க்கிறது. அந்த விரிசல்களும் காக்காப்பொன் உப்பிப் பாறையை நெட்டியதால் வந்தவை. ஆக, சேமிப்பதும் கடத்துவதும் பாறை மக்கும் வேலையின் இரண்டு கட்டங்கள். அதற்கும் கீழே மக்காத கல், நீருக்கு அங்கே அனேகமாக இடமில்லை. ஆயிரம் அடி போடுகிறவர்கள் எங்கோ ஓர் ஆழமான பிளவை நம்பிச் சீட்டு எடுக்கிறார்கள்.

மக்காமல் நின்ற உருண்டையைத்தான் படம் எடுக்கிறோம், பெயர் வைக்கிறோம், பட்டியலில் சேர்க்கிறோம். ஊர் குடித்தது மக்கிய பாதியிலிருந்து. வெறும் கிரானைட் வெளியே நின்று தேய்ந்தால் பத்து லட்சம் ஆண்டுகளுக்குச் சில மீட்டர் போவதே அதிகம். மண்ணுக்கு அடியில் அறுபது அடி மொரம் உண்டாக எவ்வளவு காலம் பிடித்திருக்கும் என்று சாவகாசமாக நினைத்துப் பார்க்கலாம். பொக்லைனுக்கு அது ஒரு மாத வேலை.

பொடியின் நிறம் கொஞ்சம் கறுத்தது. அவர் ஒரு கைப்பிடி அள்ளிக் கசக்கிப் பார்த்தார். “ஈரங்காட்டுது. ஆனாப் பத்தாதுங்.” எத்தனை அடி என்று கேட்டேன். அறுநூற்று எழுபது.

அதற்குள் எதிர்ப்புறம் எழும்பிக்கொண்டிருந்த அடுக்குமாடியிலிருந்து ஒருவர் மூக்கைப் பொத்தியபடி வந்தார். தங்களுக்கும் ஒன்று போட வேண்டுமாம். திருச்செங்கோட்டுக்காரர் கொங்கு வாடை அடிக்கும் தெலுங்கில், செல்லார் எத்தனை தோண்டியிருக்கிறீர்கள் என்று கேட்டார். கார் நிறுத்தும் கீழ்த்தளத்துக்கு இங்கே அதுதான் பெயர். மூன்று, என்றார் அவர். போர் எங்கே, செல்லாருக்குள்ளா? ஆமாம், வேறு இடம் ஏது?

“அப்பக் கேசிங்கே வேண்டியதில்லை. மொதல் அடியிலிருந்தே கல்லு.”

கேசிங் காசு மிச்சம் என்றதும் அவர் முகம் மலர்ந்தது. அடிக்கு எவ்வளவு என்று பேரம் பேச ஆரம்பித்தார்.